மலையேறும் பால்!

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் தெருவைக் காண இயலாது, தலைகளைத்தான் காணலாம். அரக்கோணம் பக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்து குவிந்த மக்கள், மஞ்சளாடை உடுத்தி, மாலை அணிந்து, காவடி தூக்கி, ஆண்டின் நாளுக்கொன்றாக அமைந்தவை என்று பெருமை பேசப்படும் 365 படிகளையும் ஏறுகின்றனர். பேசும் மொழி இரண்டு; முழங்கும் அரோகரா ஒன்று. அந்தக் கூட்டத்திலேதான் அந்தத் தாயைக் கண்டேன். தலையிலே பால்குடம். குடத்தின் வாயிலே மஞ்சள் துணி. அவள் சேலைத் தலைப்பைப் பற்றியபடி அவள் மகன், என் வகுப்புப் பையன். வயதுக்கேற்ற உயரமும் இல்லை, உயரத்திற்கேற்ற எடையும் இல்லை.

"எதற்கம்மா இந்த வேண்டுதல்?" என்றேன்.

"இவனுக்காகத்தான் சார். அடிக்கடி காய்ச்சல், சளி. உடம்பு தேறவே மாட்டேங்குது. முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

மேடையாக இருந்திருந்தால் நாக்கு சும்மா இருந்திருக்குமா? கல்லுக்குப் பால், கண்மணிக்குக் கஞ்சித் தண்ணீரா என்று கேட்டு, கைதட்டல் வாங்கி, இறங்கியிருப்பேன். படிக்கட்டிலே அது வரவில்லை. அந்தப் பால் எவருக்காக மலையேறுகிறது? அந்தப் பையனுக்காகத்தான்! கருமியல்ல அவள். அன்பிலே குறையில்லை, உழைப்பிலே குறையில்லை. கூலிப் பணத்தில் வாங்கிய இரண்டு லிட்டர் பாலைச் சுமந்து, வெறுங்காலோடு மலையேறுகிறாள். பையனின் வாய்க்கும் குடத்திற்கும் ஒரு முழம் தூரம். அந்த ஒரு முழத்தைக் கடக்கத் தெரியாமல், பால் 365 படிகளைக் கடக்கிறது.

அன்றிரவு முழுவதும் என்னை வாட்டிய கேள்வி வேறொன்று. கொடுக்காமலிருப்பது குற்றமாகுமா?

வைதீகம் சொல்லும் சித்திரகுப்தன் ஏட்டிலே இரண்டே பத்திகள். கொன்றாய், களவாடினாய், பொய்யுரைத்தாய் என்றால் பாவப் பத்தி. அன்னமிட்டாய், தானம் செய்தாய் என்றால் புண்ணியப் பத்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளை மெலிந்து கிடக்கும்போது ஒன்றும் செய்யாதிருந்தாய் என்றால்? அதற்குப் பத்தியே இல்லை! புண்ணியம் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். காலையில் சந்தி செய்யாவிடில் பாவம் என்று எழுதத் தெரிந்த கை, பசித்த பிள்ளைக்குப் பாலிடாவிடில் பாவம் என்று அத்தனை அழுத்தமாக எழுதவில்லை. பிள்ளை மெலிந்ததற்குக் காரணம் கேட்டாலோ, இருக்கவே இருக்கிறது தலையெழுத்து.

ஒருகாலத்தில் இந்தப் பதிலை ஏற்றவனை நான் கடிந்துகொள்ளமாட்டேன். ஏன் மெலிகிறது, ஏன் மாலையானதும் கண் மங்குகிறது என்பதை எவரும் அறியாத காலம் அது. காரணம் தெரியாத துன்பத்திற்கு மனிதன் வைத்த பெயர் விதி. ஆனால், காரணம் தெரிந்துவிட்டதே! தெரிந்த இடமும் தொலைவில் இல்லை. நம் குன்னூர்தான்.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக் கூடம், பின்னர் இந்திய உணவு ஆராய்ச்சிக்கே தாய்வீடாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1920களில் மெக்காரிசன் அங்கே ஒரு சோதனை செய்தார். ஒரே இனத்து எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உண்ணும் உணவு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய், கனி. இன்னொரு கூட்டத்திற்கு வங்காளியர் உணவு. மற்றொன்றிற்கு நம் சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவு. கூண்டு ஒன்றே, குளிர் ஒன்றே, கவனிப்பு ஒன்றே. சீக்கியர் உணவுண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் வளர்ந்து கொழுத்தன. நம் உணவுண்ட எலிகளோ 155 கிராமில் நின்று, நோயுற்று நலிந்தன.

தோழர்களே, எலிக்கு ஏது தலையெழுத்து? எந்தச் சோதிடன் அந்த எலிகளுக்குச் சாதகம் கணித்தான்? முற்பிறவியில் அவை செய்த பாவம் என்ன? தட்டு மாறியது, உடல் மாறியது. சென்னை எலி சோனியாகப் பிறக்கவில்லை, சோனியாக்கப்பட்டது.

சேர்த்தால் சீர்படுமா என்ற அடுத்த கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடன் உழைத்தவர்களும் 1930களில் விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு வெண்ணெய் நீக்கிய பாலைச் சேர்த்துப் பார்த்தனர். சேர்த்துண்ட பிள்ளைகள் எடையிலும் உயரத்திலும் முந்தினர். இங்கிலாந்தில் 1926லேயே இதைக் கண்டிருந்தார்கள். போதுமானது என்று கருதப்பட்ட உணவை உண்டு வந்த விடுதிச் சிறுவர்களில் ஒரு பிரிவினர் ஓராண்டில் 4 பவுண்டுக்கும் குறைவாக எடை கூடினர். நாள்தோறும் ஒரு பைண்ட் பால் கூடுதலாகப் பெற்றவர்கள் ஏறத்தாழ 7 பவுண்டு கூடினர். 'போதும்' என்று நாம் நினைப்பது போதுவதில்லை என்பதைத் தராசு சொன்னது.

அரிசியின் கதையும் சுவையானது. பூசைக்குப் பச்சரிசி, மேன்மக்கள் இலையிலே பச்சரிசி, புழுங்கலோ தீட்டு, ஏழையின் பானைக்கு உரியது என்ற ஏற்பாடு நாமறிந்ததே. நெல்லை வேகவைத்துப் பின் குத்தும்போது தவிட்டிலுள்ள பி1 என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் கால்களை முடக்கி, நெஞ்சை அடைத்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களை அது ஏறக்குறையத் தொடவேயில்லை. தீட்டென்று தள்ளியதிலே உயிர்ச்சத்து இருந்தது. சாத்திரம் அறியாத சங்கதி, சமையற்கட்டு அறிந்திருக்கிறது!

மாலைக்கண்ணுக்கு வருவோம். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் ஒரே தெருவில் இருமொழியும் புழங்கும். தமிழில் மாலைக்கண், தெலுங்கில் ரேச்சீகட்டி. இருளின் பெயரால் இருமொழியும் அழைத்த அந்த நோய்க்குக் காரணம் வைட்டமின் 'ஏ' என்னும் சத்தின் குறைவு. முற்றினால் விழி வெண்மை படர்ந்து, உருகி, பார்வையே போய்விடும். இந்தக் குறை கண்ணோடு நிற்பதில்லை, உயிரையும் தொடும் என்பதைக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் திருச்சி வட்டாரத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 15,419 சிறு குழந்தைகளைத் தேர்ந்தனர். ஒரு பிரிவினர்க்கு வாரந்தோறும் அந்தச் சத்து, உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவில், சில சொட்டுகளாகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்க்கு அது இல்லை. 1990இல் முடிவு வெளிவந்தது: சொட்டு பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 விழுக்காடு குறைவு.

சில சொட்டுகள்! தேர் வேண்டாம், திருவிழா வேண்டாம். முருங்கைக்கீரையில் உண்டு, பப்பாளியில் உண்டு, பாலில் உண்டு, முட்டையின் மஞ்சளில் உண்டு. கீரையோடு ஒரு கரண்டி எண்ணெயும் சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடலில் நன்கு ஒட்டும் என்பதால், எண்ணெய் வாங்க வக்கில்லாத வீட்டில் கொல்லை முருங்கை பாதி பயனோடு நிற்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன்: அறியாத வரையில் அது விதி, அறிந்த பிறகு அது செயல். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடாதவன், கொடாமை என்ற ஒன்றைச் செய்கிறான். சித்திரகுப்தன் ஏட்டில் இடமில்லாவிட்டாலும், நம் ஏட்டில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டாக வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எனக்கு அச்சமும் உண்டு. திருநீற்றுப் பொட்டலத்தைத் தூக்கியெறிந்த கை, மாத்திரைப் புட்டியைக் கும்பிடத் தொடங்கிவிடக்கூடாது. உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளைக் கொண்டு அதே வைட்டமினை ஆராய்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தபோது, சாவில் கண்ட வேறுபாடு 4 விழுக்காடுதான். அதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மருந்து ஒழுங்காகச் சென்று சேர்ந்ததா என்றும், காலமும் நோயும் மாறிவிட்டனவா என்றும் அறிஞர்கள் இன்னும் வாதாடுகின்றனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேரிடம் நடந்த சோதனையிலோ, கேரட்டுக்கு நிறம் தரும் சத்தை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடிற்று என்று 1994இல் அறிவித்தார்கள். இல்லாதவனுக்குச் சேர்த்தால் உயிர். இருப்பவன்மீது கொட்டினால் ஒன்றுமில்லை, சில வேளை கேடு. எந்த வேதமாவது தன் மந்திரம் பலிக்கவில்லை என்று தானே கணக்கெடுத்து அச்சிட்டதுண்டா? அறிவியல் அச்சிடுகிறது. அதனாலேயே அதை நம்புகிறேன், கும்பிடவில்லை. புட்டி டானிக்குக்கும் சத்துமாவு டப்பாவுக்கும் வரும் விளம்பரங்கள் பணக்கார வீட்டுக் கொழுத்த பிள்ளையைக் குறி வைப்பதைப் பார்த்து நகைக்கவும் முடிகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. நூறு கிலோ அரிசியில் ஒரு கிலோ இரும்புச்சத்து மணிகளைக் கலந்துவிட்டு, 'ஏழைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம்' என்று கைகழுவும் தந்திரம். செறிவூட்டிய அரிசியைத் தீதென்று நான் சொல்லவில்லை. தலசீமியா போன்ற குருதி நோயுடையோர்க்கு அது ஒக்குமா என்று மருத்துவர்கள் எழுப்பிய கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும் என்கிறேன். கூலி உயர்ந்து, கீரையும் பருப்பும் முட்டையும் தானே வாங்கி உண்ணும் நிலை வரவேண்டிய இடத்தில், மணி கலந்த அரிசியைக் காட்டி வாயடைக்கக்கூடாது என்கிறேன்.

தட்டிலே முட்டை வைப்பதற்கே எத்தனை போர்! மத்தியப்பிரதேசத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை வேண்டாம் என்று 2015இல் அதன் முதலமைச்சரே மறுத்தார். 2021 டிசம்பரில் கருநாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தரத் தொடங்கியபோது, மடாதிபதிகள் சீறினர். உண்ணப்போவது மடாதிபதியா? மெலிந்த பிள்ளை உண்கிறது. கொழுத்த மடத்துக்குக் குமட்டுகிறது!

நம் நாட்டிலே இதற்கு விடை நெடுநாள் முன்பே தொடங்கிற்று. 1920 செப்டம்பரில், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் நண்பகல் உணவு தரத் தீர்மானித்தது. கல்விப் பணத்தில் சோறு போட விதியில்லை என்று சொல்லி 1925இல் வெள்ளை அரசு அதை முடக்கிற்று. காமராசர் 1956இல் மதிய உணவைப் பரப்பினார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். கலைஞர் ஆட்சியில் 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் பள்ளி நாளெல்லாம் முட்டை, வாரத்திற்கு ஐந்து, என்றாயிற்று. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மதுரையில் காலை உணவும் தொடங்கிற்று. இந்த வரிசையை அன்னதானம் என்று எவராவது சொன்னால் எனக்குச் சினம் வருகிறது. தானத்திலே கொடுப்பவன் நிற்கிறான், வாங்குபவன் குனிகிறான். என் வகுப்புப் பையன் தட்டை நீட்டும்போது குனிவதில்லை. இன்று முட்டை சிறியது என்று முறையிடவும் செய்கிறான். அந்த முறையீட்டைக் கேட்க எனக்கு இனிக்கிறது.

உரிமை என்ற சொல்லுக்கு மறுபுறமும் உண்டு. ஆடி மாதத்தில் மாலை போட்ட வீட்டுப் பிள்ளைகள் முட்டையைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு வாழைப்பழம் தருகிறோம். பகுத்தறிவு பேசும் ஆசிரியன், 'தின்னடா, முருகன் ஒன்றும் செய்யமாட்டான்' என்று அதட்டலாமா? அதட்ட மனம் வரவில்லை. முட்டையைத் தடுக்கும் மடாதிபதிக்கும் திணிக்கும் வாத்தியாருக்கும் பிள்ளையின் வாய்மீது ஒரே உரிமைதான் இருக்கிறது. அதாவது, இல்லை. ஆனால், தாயிடம் பேசலாம். பேசினேன். குன்னூர் எலியின் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டாள். வேண்டுதலைக் கைவிடச் சொல்லவில்லை. இனி வீட்டிற்கு வாங்கும் பாலில் பிள்ளையின் பங்கு எது என்று மட்டும் கேட்டேன். நேரே விடை சொல்லவில்லை.

கிருத்திகை கழிந்த மறுவாரம், பள்ளி வாயிலில் வந்து நின்றாள். "மாலையைக் கழட்டியாச்சு சார். இனிமே இவனுக்கு முட்டை குடுங்க. ராத்திரி ஒரு டம்ளர் பாலும் குடுக்கறேன்" என்றாள். "முருகனும் பார்த்துக்குவான்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

அன்று நண்பகல் பையன் தட்டோடு என் பக்கத்தில் வந்தமர்ந்தான். முட்டையைப் பிட்டு, வெள்ளையை விழுங்கி, மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான்.

"அதை ஏனடா ஒதுக்குகிறாய்? அதிலேதான் கண்ணுக்கு வேண்டியது இருக்கிறது."

"தொண்டையில மாட்டுது சார்."

சாம்பாரில் பிசைந்து கொடுத்தேன். தின்றான்.