கேட்டபின் கேட்பது

அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள் ஒரு காணி உறுதி இருக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இரண்டு பரப்புக் காணி. 1990 இல் போரால் ஊரை விட்டு எழும்பியபோது வீட்டில் பலதை விட்டுவிட்டு அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ரொறன்ரோவில் மூன்று வீடு மாறிவிட்டோம். பெட்டியும் கூடவே வந்தது. ஒரு நாள் யாராவது வந்து கேட்பார்கள், அப்போது காட்டவேண்டும் என்பார். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

எங்கள் தேவாலயத்தில் போர்வைப் பயிற்சி நடந்த அன்று அந்த உறுதியின் நினைவு வந்தது. தரையெல்லாம் போர்வை விரித்திருந்தார்கள். போர்வைதான் இந்த நாட்டு நிலம். அதன்மேல் நிற்கும் நாங்கள் பூர்வகுடிகள். ஒருவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க, இன்னொருவர் வந்து போர்வைகளை மடித்துச் சிறிதாக்குவார். பெரியம்மை வந்த இடத்தில் சிலர் விலகிப் போனார்கள். வதிவிடப் பாடசாலைகள் வந்த இடத்தில் பிள்ளைகளாக நின்றவர்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். பூர்வகுடி மூத்தோரும் திருச்சபையினரும் சேர்ந்து 1997 இல் உருவாக்கிய பயிற்சி இது. முடியும்போது ஒரு பாதம் வைக்கும் அளவு துணியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் காரில், என்னோடு வந்திருந்த பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாங்கள் இவைக்கு ஒண்டும் செய்யேல்லையே பிள்ளை. நாங்களே அகதியா வந்தனாங்கள்."

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. நானும் பல வருடமாக மனதுக்குள் சொல்லிவந்த வாக்கியம் அது.

இந்த ரொறன்ரோ நகரத்துக்கும் ஓர் உறுதி உண்டு. 1787 இல் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடம் இந்த நிலத்தை வாங்கியதாக ஆங்கிலேய ஆட்சி சொன்னது. பிறகு எடுத்துப் பார்த்தால் அது வெற்றுத்தாள். நிலத்தின் எல்லை எதுவும் எழுதப்படவில்லை. தலைவர்களின் அடையாளங்கள் தனித் துண்டுகளில் இட்டு ஒட்டப்பட்டிருந்தன. 1805 இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள். 2010 இல்தான் கனடா அரசு 14.5 கோடி டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது. அப்பாவின் பெட்டியைத் தெரிந்த எனக்கு, அந்த வெற்றுத்தாளைப் பற்றி வாசித்த இரவில் நித்திரை வரவில்லை. நாங்கள் எடுக்கவில்லை என்பது உண்மை. எடுத்த இடத்தில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம் என்பதும் உண்மை.

நான் சேர்ந்திருக்கும் கனடா ஐக்கியத் திருச்சபைக்கு இதில் இன்னும் பெரிய பங்கு உண்டு. வதிவிடப் பாடசாலைகளை நடத்திய சபைகளில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியைப் பேசினால் தண்டித்த பள்ளிகள் அவை. மொழிக்காக அடிபட்ட இனத்தில் பிறந்தவள் அந்த வரியை எளிதாகக் கடந்துபோக முடியாது.

1981 இல் அல்பேர்ட்டா பில்லி என்ற பூர்வகுடிப் பெண் சபையின் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, நீங்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் வந்துவிட்டது என்றார். ஐந்து வருடம் கழித்து, 1986 ஓகஸ்டில், சட்பரியில் பொதுப் பேரவை கூடியது. உள்ளே விவாதம் நடந்தபோது பூர்வகுடி மூத்தோர் வெளியே காத்திருந்தார்கள். சபைத் தலைவர் பொப் ஸ்மித் அவர்களிடம் நடந்துபோய் மன்னிப்புக் கேட்டார். 1988 இல் விக்ரோறியாவில் பூர்வகுடிகளின் மறுமொழி வந்தது. உங்கள் மன்னிப்புக் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. இனி நீங்கள் வாழ்வதைப் பார்ப்போம் என்பதே அதன் பொருள். சட்பரியில் அந்த இடத்தில் எழுப்பிய கற்குவியலும் முடிக்கப்படாமலே நிற்கிறது.

அவர்கள் பொறுத்திருந்தது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்தது. 1986 இல் கேட்ட மன்னிப்பில் பாடசாலைகள் என்ற சொல்லே இல்லை. அதற்கென்று தனியாகக் கேட்க 1998 வரை சென்றது. அன்றைக்கே எல்லாம் சரி என்று கட்டித் தழுவியிருந்தால் இரண்டாவது மன்னிப்பு வந்திருக்குமா?

தமிழில் மன்னிப்பைக் 'கேட்கிறோம்'. காதால் கேட்பதற்கும் அதே சொல்தான். ஒரு முறை கேட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்று நானும் நினைத்தவள். கேட்டபின் வாய் மூடி, எதிரில் இருப்பவர் சொல்வதை ஆண்டுக்கணக்கில் கேட்கவேண்டும் என்பதை இந்தச் சபையில்தான் பழகிவருகிறேன். அது வலிக்கிறது. ஞாயிறு ஆராதனையின் தொடக்கத்தில் இது யாருடைய நிலம் என்று ஒருவர் வாசிப்பார். வாசித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவோம். அந்த அவசரம் எனக்கு ஒவ்வொரு வாரமும் உறுத்துகிறது.

ஒரு நாள் எங்கள் சபைக் குழுவின் கூட்டத்தில் நெஸ்கன்டாகா பற்றிப் பேச்சு வந்தது. ஒன்ராறியோவின் வடக்கே உள்ள பூர்வகுடிக் கிராமம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம் என்று 1995 இல் அங்கே அறிவித்தார்கள். அந்த அறிவித்தலுக்குக் கீழேயே ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்தது.

"தண்ணியோ?" என்றார் பெரியம்மா. அவர் கிணற்றடியில் வளர்ந்தவர். ஊரில் அவருடைய வளவு திரும்பக் கிடைத்தபோது வீடு இல்லை, தென்னை இல்லை. கிணறு மட்டும் தூர்ந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர். "முப்பது வருசமாத் தண்ணி குடுக்கேல்லையோ? இந்த நாடோ?"

அந்தத் தண்ணீருக்காக அரசுக்கு எழுதிய கடிதத்தில் எங்கள் குழுவில் முதலில் ஒப்பமிட்டவர் அவர்தான். தமிழில் போடலாமோ என்று கேட்டார். போடலாம் என்றேன். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, அப்பாவின் உறுதியில் சாட்சியாக வைத்த அதே கையெழுத்தை, முழுப் பெயரோடு, மெதுவாக வைத்தார். பிறகு நிமிர்ந்து, "மறுமொழி வராட்டில் அடுத்த மாதமும் எழுதுவம்" என்றார்.