பூச்சும் துருவும்



நமது சங்க மலரில் ஆலிம்களும் ஆசிரியர்களும் எழுதி வருகின்றனர். நானோ பாடாங் செராயில் மளிகைக் கடை வைத்திருப்பவன். மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் ஆறு வகுப்பு முடித்ததுமே என் படிப்பு. ஆகையால் யாருக்கும் உபதேசம் செய்ய நான் வரவில்லை. ஒரு பழைய வண்டியைப் பழுது பார்க்கப் போய், என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன்.

தகப்பன் விற்ற பொருளில் ஒரு குறை இருந்தது. வாங்கியவருக்கு அது சொல்லப்படவில்லை. தகப்பனும் மௌத்தாகி, வாங்கியவரும் காலமான பிறகு, அந்தக் குறை யாருடைய கணக்கில் நிற்கிறது? கேள்வி இவ்வளவுதான்.

வண்டி ஒரு மாரிஸ் மைனர் பிக்கப். மாரிஸ் மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்பவர். 1953இல் அதே வண்டியைச் சரக்கு ஏற்றுவதற்கு ஏற்றாற்போல் வேனாகவும் பிக்கப்பாகவும் செய்தார்கள். காருக்கு உடம்பே எலும்பு. தனிச் சட்டம் கிடையாது. பிக்கப்புக்கு மட்டும் அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் கொண்ட தனிச் சேஸிஸ் உண்டு. இந்த விஷயத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கதை முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

கால் டன் வண்டி என்பது அதற்குப் பெயர். கணக்குப்படி நான்கு பிக்குல் ஏற்றலாம். என் அத்தா ஆறு மூட்டை அரிசி ஏற்றுவார். மேலே கருவாட்டுக் கூடையும் எண்ணெய் டின்னும் இருக்கும். தோட்டத்தில் சம்பள நாள் என்றால் விடியுமுன் புறப்பட்டு, லயங்களின் ஓரமாகச் செம்மண் பாதையில் போய், மாலையில் பற்று வரவு எழுதிய சிட்டையோடு திரும்புவார். பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்படும் வரையில், சரக்கெடுக்கப் பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் அக்கரைக்குப் போய் வந்ததும் அந்த வண்டிதான். எங்கள் குடும்பம் அந்த நான்கு சக்கரத்தின் மேல் சாப்பிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நான் ஆறாம் வகுப்பு முடித்த 1992இல் அத்தா அதை விற்றார். வாங்கியவர் காராங்கான் பக்கத்தில் கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்றுவந்த ஒரு தமிழர். எங்கள் கடையின் நீண்ட நாள் வாடிக்கைக்காரர். பற்றை ஒருநாளும் தாமதம் செய்யாதவர்.

விற்ற மறு வருஷம் அவர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அத்தா பல தடவை, "அவர் ஏன் வரதில்ல? பாக்கிகூட ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் தெரியாமலே 2009இல் அத்தா மௌத்தானார்.

2019இல் அந்த வண்டியை மறுபடி பார்த்தேன். வாங்கியவரும் அதற்குள் காலமாகியிருந்தார். ரப்பர் மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகையில், சக்கரம் இல்லாமல் கட்டைகளின் மேல் வண்டி கிடந்தது. அவருடைய மகன் 800 வெள்ளிக்குக் கொடுத்தார். என் வீட்டுக் கார்க் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினேன். "வீட்ல ஓடற வண்டி நிக்கிறதுக்கு இடமில்ல, ஓடாத வண்டிக்குக் கொட்டகையா?" என்று என் மனைவி கேட்டது நியாயமே.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மளிகைக் கடை திறக்கலாம். ஆனால் நேரம் குறைவு. மாலைப் பொழுதுகள் கையில் மிஞ்சின. அங்குல ஸ்பானர் ஒரு செட் தேடி வாங்கினேன். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் அந்தக் காலத்து நட்டின் முனை மழுங்கிப் போகும். எஞ்சின் இறுகிக் கிடந்தது. நான்கு சிலிண்டர்களிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டுக் கையால் அசைத்தபோது, மெல்லச் சுழன்றது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அடிச் சட்டத்துக்கு வந்தேன். பின்புறம் வில் பட்டைகள் மாட்டும் இடத்தில் சேறு தங்கும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். இடப் பக்கத்தில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை யாரோ முரட்டுத்தனமாகப் பற்றவைத்திருந்தார்கள். வலப் பக்கமோ தார் பூசி வழுவழுப்பாக அழகாயிருந்தது. இடப் பக்கம் கெட்டது, வலப் பக்கம் நல்லது என்று நினைத்தேன்.

பழைய வண்டி பார்ப்பவர்கள் கையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். இரும்பில் காந்தம் ஒட்டும். பட்டி என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் பூச்சு மாவில் ஒட்டாது. இடப் பக்கத்து முரட்டுத் தகட்டில் காந்தம் கெட்டியாகப் பிடித்தது. வலப் பக்கத்து வழுவழுப்பில் வைத்தேன், கீழே விழுந்தது. உளியால் தட்டினேன். பூச்சு அடையாகப் பெயர்ந்தது. உள்ளே இரும்பு இருந்த இடத்தில் செந்தூள் கொட்டியது. என் விரல் அந்த ஓட்டையில் நுழைந்தது.

அப்போதுதான் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. வண்டியை விற்பதற்கு முந்தின வாரம் அத்தாவோடு நானும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அத்தா அங்கே சொன்னது இது: "விலைக்குப் போகுதுப்பா. பார்வைக்கு நல்லா இருக்கிற மாதிரி செஞ்சு கொடு."

சகோதரர்களே, இந்த வார்த்தையை நம்மில் சொல்லாதவர் யார்? பழத்தை அடுக்கும்போது சொல்கிறோம். பழைய பெட்டிக்குச் சாயம் அடிக்கும்போது சொல்கிறோம். அத்தா சட்டத்து ஓட்டையைக் கண்ணால் பார்த்தாரா, அல்லது பட்டறைக்காரன் தானாகவே மூடிவிட்டானா? எனக்குத் தெரியாது; இனித் தெரியவும் வழியில்லை. அத்தா தராசில் கை வைத்து நான் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

மறுபடி காராங்கான் போனேன். அவருடைய மகனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆகல, நானா. ஒட்டுப்பால் ஏத்திக்கிட்டு வரும்போது தோட்டத்துப் பாதையில இடப் பக்கச் சட்டம் ஒடிஞ்சு உட்கார்ந்துடுச்சு. ராத்திரி பூரா அப்பா காட்டிலேயே இருந்தாரு. அப்புறம் அந்தத் தகட்டை அவரே பத்தவச்சாரு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. உங்க கடைக்குப் போறத மட்டும் நிறுத்திட்டாரு."

பேரேட்டில் அத்தா தேடிய பாக்கி இதுதான். வாங்கியவர் சண்டைக்கு வரவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டார். நம் வியாபாரத்தில் பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் தீர்ப்பாகின்றன; நமக்கு மட்டும் தீர்ப்பு தெரிவதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒருவர் இறந்தால், சொத்தைப் பங்கிடும் முன் அவருடைய வஸிய்யத்தும் கடனும் தீர்க்கப்பட வேண்டும் என்பது திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தில் உள்ள சட்டம். ஆனால் இது தொகை எழுதிய கடன் அல்லவே என்று என் மனம் வாதாடியது. பழைய வண்டியை வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்றும் வாதாடியது. வாதம் நிற்கவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து உள்ளே ஈரத்தைக் கண்டு, ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட வரலாறு நாம் மதரஸாவில் படித்ததே. அந்தத் தானியம் மழையில் நனைந்தது; நனைத்தவன் வியாபாரி அல்லன். குற்றம் ஈரத்தில் இல்லை, ஈரத்தை அடியில் வைத்ததில்தான். துரு பிடிப்பதும் அப்படியே. துரு யாருடைய பாவமும் அல்ல. பூச்சுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பொருளைப் புதுப்பிப்பது பற்றி யவன நாட்டில் ஒரு கதை உண்டு. தீசியஸ் என்பவனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். எல்லாம் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று அறிஞர்கள் தர்க்கம் செய்தார்கள். என் வண்டியிலும் அந்தத் தர்க்கம் உண்டு. 1990களில் இலங்கையில் மாரிஸ் மைனருக்குத் தகடுகள் அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆகவே இங்கிலாந்திலும் எது பழைய வண்டி என்பது சந்தேகந்தான். ஆனால் வியாபாரிக்கு அந்தத் தர்க்கம் முக்கியமல்ல. எந்தப் பலகையை மாற்றினேன் என்று சொன்னேனா என்பதே முக்கியம்.

நமக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கஃபாவிலேயே உண்டு. நபித்துவத்துக்கு முன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதிருக்கும்போது, குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்தனர். ஆகாத வழியில் வந்த பணத்தை அதில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தனர். தூய பணம் போதவில்லை. போதாத குறையை வேறு பணத்தால் மூடாமல் கட்டடத்தைச் சுருக்கி, விட்ட இடத்தை ஒரு சிறு சுவரால் குறித்து வைத்தனர். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த வளைந்த சுவரைக் காண்கிறார்கள். குறை இருந்தது, அது குறை என்று எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது.

வலப் பக்கத்துச் சட்டத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தேன். சிவப்பு ஆக்சைடு மட்டும் அடித்துத் தையல் தெரியும்படி விட்டேன். இடப் பக்கத்தில் அந்தப் பெரியவர் வைத்த தகட்டைத் தொடவில்லை. கெட்டது என்று நான் நினைத்த அந்தப் பக்கந்தான் யோக்கியமான பக்கம்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பழைய வண்டி சேர்க்கும் ஒருவர் நல்ல விலை பேசினார். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவோடு ஒத்திருந்தன. அடியில் வெட்டி ஒட்டியதைக் காட்டினேன். "அதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? எல்லாம் அசல் என்று ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் வாங்கவில்லை. அந்தப் பணம் கடைக்கு உதவியிருக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

முறிந்த சட்டத்துக்கும் வீணான சரக்குக்கும் ஒரு தொகை கணக்கிட்டுக் காராங்கானுக்கு எடுத்துப் போனேன். அத்தாவுக்காகப் பொருத்தம் கேட்டேன். மகன் தொகையை வாங்கவில்லை. "சொல்ல வந்தீங்களே, அது போதும் நானா. ஆனா பொருத்தம் சொல்ல வேண்டியவரு நான் இல்ல, எங்க அப்பா. அவரு இருக்கும்போது வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை பாதி விடைதான். தகப்பனின் குறை மகன் கைக்கு வருகிறது. ஆனால் அதை முழுவதும் தீர்க்கும் வசதி மகனுக்கு இல்லை. விற்றவனும் வாங்கியவனும் உயிரோடு இருக்கும்போது பத்து நிமிஷத்தில் தீரக்கூடிய கணக்கு, பிறகு எத்தனை வெள்ளி கொடுத்தாலும் தீருவதில்லை.

தங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்து, காரணம் சொல்லாமல் நின்றுபோன ஒருவர் தங்கள் நினைவுக்கு வருவாராயின், பேரேட்டில் பாக்கி இல்லை என்று மூடிவிட வேண்டாம். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். என் அத்தாவின் மறுமைக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.