கருணை களைத்துப்போகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் வட மாநிலம் ஒன்றில் அரசுக் கால்நடை மருத்துவர்களுக்காக மூன்று நாள் பணிப்பயிற்சி முகாம் நடந்தது. மன நலம், தலைமைப் பண்பு, கால்நடை வளர்ப்போரைப் புரிந்துகொள்ளுதல் ஆகிய மூன்றும் பாடங்கள். இரண்டாம் நாள் பிற்பகல் ‘மன அமைதி’ பற்றி ஒரு மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். உணவுக்குப் பிந்தைய நேரம். பாதிப் பேரின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. துறவிகள் வழக்கமாகப் பேசுவதை நானும் பேசி முடித்தேன். கேள்வி ஏதேனும் உண்டா என்று கேட்டதும், கடைசி வரிசையிலிருந்து ஓர் இளம் பெண் மருத்துவர் எழுந்து நின்றார்.

அவர் பணியாற்றிய கிராம மருந்தகத்திற்கு விவசாயி ஒருவர் சினையெருமையைக் கொண்டுவந்திருக்கிறார். பேறு வலி தொடங்கி மூன்றாம் நாள். கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. எருமைகளில் இது அடிக்கடி நேர்வதுதான். உடனே கொண்டுவந்தால், எருமையைத் தரையில் சாய்த்து, விலாவின்மேல் பலகையை வைத்து அழுத்தியபடி உடலை உருட்டி முறுக்கை எடுத்துவிடலாம். தாமதமானால் அறுவைதான், அதுவும் பல வேளைகளில் பயன் தராது. இதில் இரண்டு நாட்கள் ஊர் வைத்தியரிடம் கழிந்துவிட்டன. நான்கு மணி நேரப் போராட்டத்திற்குப் பின் இறந்த கன்று வெளியே வந்தது. விடிவதற்குள் எருமையும் இறந்தது. விவசாயி ஊர் முன்னிலையில் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். அன்றிரவு அந்தப் பெண் உறங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவருக்கு நகரத்து மருத்துவமனைக்கு மாறுதல் கிடைத்தது. வசதியான குடும்பம் ஒன்று தன் நாயை அழைத்துவந்தது. அதற்கு நீரிழிவு. நாள்தோறும் இன்சுலின் செலுத்தினால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக வாழக்கூடியது. குடும்பத்தார் வேற்றூருக்குக் குடிபெயர இருந்தார்கள். “ஊசி போட்டு முடித்துவிடுங்கள் டாக்டர்” என்றார்கள். இவர் மறுத்தார். வளர்க்க விரும்பும் வேறு யாரையாவது தேடித் தருவதாகவும் சொன்னார். அவர்கள் நாயை அழைத்துக்கொண்டு வேறிடம் சென்றுவிட்டார்கள்.

“எருமை இறந்த அன்று அழுதேன், சுவாமிஜி. நாயை அழைத்துப்போன அன்று ஒன்றுமே தோன்றவில்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். எனக்குள் இருந்த கருணை தீர்ந்துபோய்விட்டதா?”

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யுங்கள் என்று நான் விடை சொன்னேன். அவர் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கைகூப்புதலில் மரியாதை இருந்தது, நிறைவு இல்லை. அவரோ ஏற்கெனவே எதிலும் பற்றில்லாமல் போய்விட்டோமோ என்று அஞ்சிக் கேட்டவர். அவரிடம் போய்ப் பற்றை விடு என்று சொல்லியிருக்கிறேன்! பசியில்லை என்று வந்த நோயாளிக்கு உபவாசத்தை மருந்தாக எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது அது. திரும்பும் ரயிலில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, இன்றும் விட்டபாடில்லை.

இது ஒரு தனி மனுஷியின் மனத்தளர்ச்சி மட்டுமல்ல. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வது அத்தொழிலிலுள்ள பெண்களிடையே மூன்றரை மடங்காகவும் ஆண்களிடையே இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவும் இருப்பதை அது காட்டியது. உயிர்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தம் உயிரைச் சுமையாக உணர்வது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

மனிதருக்கு மருத்துவம் செய்பவரின் நிலை வேறு. அவருடைய நோயாளி தன் வலியைத் தானே சொல்வார். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று பெரும்பாலும் தானே முடிவு செய்வார். கால்நடை மருத்துவரின் நோயாளிக்கு வாயில்லை. முடிவெடுப்பவர் இன்னொருவர், பணம் தருபவரும் அவரே. வலி ஓரிடத்தில், அதிகாரம் ஓரிடத்தில், அறிவு மூன்றாவது இடத்தில். இவற்றுக்கு நடுவே நிற்பவருக்கு, குணப்படுத்தும் அதே கையால் உயிரை முடித்துவைக்கும் பொறுப்பும் சில நாட்களில் வந்து சேர்கிறது. மீளமுடியாத வேதனையில் துடிக்கும் விலங்கை முடித்துவைக்க, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் வரையறைக்கு உட்பட்டு இடம் தருகிறது. சட்டம் வழிவிடலாம், மனம் வழிவிட வேண்டுமே!

இங்கே 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். ஆசிரமத்துக் கன்று ஒன்று ஊனமுற்று, தீராத வேதனையில் கிடந்தது. சிகிச்சை பலிக்கவில்லை. பார்த்த கால்நடை மருத்துவரும் இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். காந்திஜி ஆசிரமவாசிகளோடு கலந்து பேசினார். உயிரைப் படைக்க இயலாதவனுக்கு அதை எடுக்கும் உரிமை ஏது என்று ஒருவர் வன்மையாக எதிர்த்தார். தன்னலத்திற்காக உயிரை எடுக்கும்போதுதான் அந்த வாதம் பொருந்தும் என்று கருதிய காந்திஜி, மருத்துவர் ஒருவரை அழைத்து, தம் கண்ணெதிரிலேயே ஊசி மூலம் கன்றின் வேதனையை முடித்துவைக்கச் செய்தார். இரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது. அக்டோபரில் ‘யங் இந்தியா’வில் இதை அவரே எழுதினார். நாடெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அதே கட்டுரையின் பிற்பகுதியில் பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் பேசுகிறார். அவற்றைக் கொன்றால் அது நம் நன்மைக்காகச் செய்வது. ஆகவே ஹிம்சைதான் என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார்.

அவருடைய முடிவை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. என் மனமும் அதை முழுவதுமாக ஏற்றுக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: யாருடைய வலியைத் தீர்ப்பதற்காக இதைச் செய்கிறோம்? அந்தக் கன்றின் வலி கன்றினுடையது. நீரிழிவு நாயின் விஷயத்திலோ, தீர வேண்டியிருந்தது குடும்பத்தாரின் இடைஞ்சல். இரண்டிலும் ஊசி ஒன்றே; செயல் வேறு. ஆகவே அந்தப் பெண் மறுத்தது தர்மமே. இதை அன்றே, அவர் சகாக்களின் முன்னிலையில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சபர்மதி நிகழ்ச்சியைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. காந்திஜி செய்தது அஹிம்சையா, அல்லவா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஊசியைப் பிடித்த அந்த மருத்துவரைப் பற்றி நாம் எத்தனை பேர் யோசித்திருப்போம்? அன்றிரவு அவர் உண்டாரா, உறங்கினாரா? அதற்கு வெகுகாலம் முன்பே அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததைப் பொறித்துவைத்தார். மூலிகைகள் நட்டதைச் சொல்கிறார், கிணறுகள் வெட்டியதைச் சொல்கிறார். சிகிச்சை செய்தவரின் மனத்தைப் பற்றி அந்தக் கல்லிலும் ஒரு சொல் இல்லை.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். கருணை தீர்ந்துபோகுமா?

மொழிபெயர்ப்பே அன்றாட வேலையாக உள்ளவன் என்பதால் எனக்கு இதில் ஒரு குற்ற உணர்வு உண்டு. கீதையின் தொடக்கத்தில் அர்ஜுனனை ஆட்கொண்டு அவன் கைகால்களைத் தளரச் செய்யும் உணர்ச்சியைக் ‘கிருபை’ என்ற சொல்லால் குறிக்கிறார் வியாசர். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனின் இலட்சணத்தைக் கூறும் இடத்தில் வருவது ‘கருணை’. என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால் இரண்டுக்குமே ‘இரக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்! அகராதியின்படி பெரிய பிழை இல்லை. ஆனால் அவ்விரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது வந்து மனிதனைப் பிடித்துக்கொள்கிறது. அவன் வில் நழுவுகிறது, கண் கலங்குகிறது, எதிரே நிற்பவன் தெளிவாகத் தெரிவதில்லை. பின்னது மனிதனின் இயல்பாக நிற்கிறது. எந்த உயிரிடமும் பகையில்லாத நிலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிறர் வலி நம்மை மூழ்கடிப்பது ஒன்று, பிறர் வலி தீரவேண்டும் என்ற விழைவு மற்றொன்று. ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டதால், முதலாவது வற்றும்போது இரண்டாவதே வற்றிவிட்டதாக அஞ்சுகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு இக்கால அறிவியலும் சான்று தருகிறது. தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் அச்சேறியது. பங்கேற்றவர்களுக்கு முதலில் பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணரும் பயிற்சி. பிறகு துன்புறுவோர் நலம் பெறவேண்டும் என்று அன்போடு விழையும் பயிற்சி. துயரக் காட்சிகளைக் காட்டியபோது, முதற் பயிற்சிக்குப் பின் அவர்களுடைய வேதனை கூடியது. இரண்டாவது பயிற்சிக்குப் பின் அந்த வேதனை பழைய நிலைக்குத் தணிந்தது; நல்லுணர்ச்சிகள் வலுப்பெற்றன. மூளையில் இயங்கிய பகுதிகளும் வெவ்வேறாக இருந்தன. களைத்துப்போவது கருணை அன்று, பிறர் வலியில் மூழ்கும் உணர்ச்சியே என்பது அவர்கள் வாதம்.

அப்படியென்றால் அந்த மருத்துவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, “அழுகை வரவில்லையே என்கிறீர்கள், அந்த நாய்க்கு வேறு வீடு தேடித் தருகிறேன் என்று சொன்னது யார்?” என்பதுதான். அழுகை தீர்ந்த பிறகும் ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

பதஞ்சலி முனிவர் மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு மனப்பாங்குகளைக் கூறுகிறார். இவற்றால் சித்தம் தெளிகிறது என்பது அவர் முடிவு. பிறர் துன்பத்தைப் பார்த்து என் மனத்தைத் தெளிவாக்கிக்கொள்வது தன்னலம் இல்லையா என்று முதுகலை மாணவனாக இருந்த நாளில் ஆசிரியரோடு வாதிட்டிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கலங்கிய கண்ணால் நரம்பைத் தேடி ஊசி போட முடியாது. எருமையைக் கொண்டுவந்த விவசாயியையே எடுத்துக்கொள்வோம். ‘ஏன் மூன்றாம் நாள் வந்தாய்?’ என்பது மருத்துவரின் நெஞ்சில் கனலும் கேள்வி. மனம் தெளிந்தவருக்கு அதன் விடையும் தெரியத் தொடங்கும். மருந்தகம் தொலைவில், வண்டிக்கூலி கையில் இல்லை, ஊர் வைத்தியரோ அடுத்த தெருவில், கடனுக்கும் வருவார். அவன் வீட்டில் விலைபெறும் பொருள் அந்த எருமை ஒன்றுதான். ஊர் முன்னிலையில் அவன் கத்தியது, பிழை தன்னுடையது என்று அறிந்தவனின் கூச்சலாகவும் இருக்கலாம் அல்லவா? 2022-இல் ராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் தோல்கட்டி நோயால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தபோது, அப்படிப்பட்ட கூச்சலை எத்தனை மருத்துவர்கள் கேட்டிருப்பார்கள்!

நாயைக் கைவிட்டவர்களிடம் இத்தகைய புரிதல் எளிதில் வருவதில்லை. வரவேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். அதற்காகவே உபேட்சை இருக்கிறது. அது அலட்சியம் அன்று. உடன்படாமலும் வெறுக்காமலும் நிற்பது. அவர்களைப் பல ஆண்டுகள் நெஞ்சில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தால் நாய்க்குப் பயன் இல்லை. அடுத்து வரும் நாய்க்கோ நட்டம்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ‘மன நலம்’ என்ற பெயரில் இவற்றையெல்லாம் ஊழியருக்கு உபதேசித்துவிட்டு, சுமையை அப்படியே விட்டுவிடுவது எளிது. என்னைப் போன்றவர்களை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைப்பதும் சில சமயம் அதற்குத்தானோ என்று ஐயமாக இருக்கிறது. 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-இல் பரிந்துரைத்தது. பல மாநிலங்கள் அந்த அளவை இன்னும் எட்டவில்லை. பத்தாயிரம் உயிர்களுக்கு ஒருவரை நிறுத்திவிட்டு அவரிடம் தியானம் செய்யச் சொல்வது நியாயமாகாது. தலைமைப் பண்பு என்று பாடத்திட்டத்தில் எழுதுகிறார்களே, அது இங்கேதான் தொடங்க வேண்டும். உயிரை முடித்துவைக்கும் ஊசியைத் தினமும் ஒருவரே போடும்படி விடாதிருப்பது, எருமை இறந்த மறுநாள் காலையில் “சாப்பிட்டாயா அம்மா?” என்று ஒரு மூத்தவர் கேட்பது, மனசாட்சிப்படி ஒருவர் மறுத்தால் அவர் பின்னால் நிற்பது ஆகியவற்றைச் செய்ய அரசாணை எதுவும் வேண்டியதில்லை. மருத்துவரோடு இவை நின்றுவிடக் கூடாது. விலங்கின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளரின் மனத்தை நாம் இன்னும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

முகாமிலிருந்து திரும்பிய சில வாரங்களில், அமைப்பாளர் மூலமாக அந்த மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அன்று நான் சொன்ன விடை தவறு என்று ஒப்புக்கொண்டு, மேலே சொன்னவற்றில் சிலவற்றைக் குறிப்பிட்டிருந்தேன். நெடுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு சிறு கடிதம் வந்தது. கோமாரித் தடுப்பூசி முகாமுக்காக அந்தப் பழைய கிராமத்திற்குப் போக நேர்ந்ததாம். வரிசையில் அந்த விவசாயி ஒரு கிடாரிக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஊசி போட்டு முடித்ததும், ஒன்றும் பேசாமல் போய் ஒரு குவளை தேநீர் கொண்டுவந்து நீட்டினாராம். இவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக் குடித்தாராம்.

கடிதத்தின் கீழே வேறு மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அந்த நாயின் நினைவு வந்தால் இப்போது அழுகை வருகிறது, சுவாமிஜி.”