கூலி வாங்காதவனின் வேலைநிறுத்தம்

ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலில் மதுக்கடையில் உட்கார்ந்து ஐரிஷ் தேசியம் பேசும் 'ஸிட்டிஸன்' என்ற பாத்திரம் வருகிறது. கடைசியில் ப்ளூம் மேல் பிஸ்கட் டின்னை வீசி எறிகிறவன். அவனுக்கு மாதிரியாக இருந்தவர் மைக்கேல் க்யூஸாக் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். 1884-ல் தர்ல்ஸ் என்ற ஊரில் கெய்லிக் விளையாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தபோது அடிக்குறிப்பாகத் தெரியவந்த இந்தத் தகவலைப் பின்தொடர்ந்துதான் ஹர்லிங் என்ற ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆட்டத்தைவிட, அதைச் சுற்றி நடந்த ஒரு சண்டை என்னை இன்னும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

ஹர்லிங் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. சிறிய தோல் பந்து தரையில் இருப்பதைவிடக் காற்றில் இருப்பதுதான் அதிகம். அகில அயர்லாந்து இறுதியாட்டத்தை டப்ளினின் க்ரோக் பார்க்கில் 80,000 பேருக்கு மேல் பார்க்கிறார்கள். ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கோ பட்டறைக்கோ வங்கிக்கோ போகிறான். தன் கவுண்டிக்காக ஆடுகிறான். அதிகப் பணம் தருகிறார்கள் என்று பக்கத்துக் கவுண்டிக்குப் போகிற வழக்கம் இங்கே இல்லை. ஆனால் அதே சங்கத்தின் முழுநேர அலுவலர்களுக்குச் சம்பளம் உண்டு. நுழைவுச்சீட்டுக்கு விலை உண்டு. இந்த முரணிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

2002 நவம்பரில் கார்க் கவுண்டியின் ஹர்லிங் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். மருத்துவ உதவி, பயண ஏற்பாடு, உடுப்பு, குடும்பத்தாருக்கு நுழைவுச்சீட்டு – இவ்வளவுதான் கோரிக்கை. கூலி கேட்கவில்லை. கவுண்டி போர்டு சில வாரங்களில் இறங்கி வந்தது. 2003-ல் அவர்கள் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றார்கள். 2004-லும் 2005-லும் கோப்பையை வென்றார்கள்.

2007-08 குளிர்காலத்தில் இரண்டாவது மோதல் வந்தது. இம்முறை கால்பந்து அணியின் பிரச்னை – தேர்வாளர்களை யார் நியமிப்பது என்பது. ஹர்லிங் அணியும் கூடவே வெளியே நின்றது. 2008 அக்டோபரில் ஜெரால்ட் மெக்கார்த்தி இரண்டு வருஷத்துக்கு மீண்டும் ஹர்லிங் மானேஜராக நியமிக்கப்பட்டபோது மூன்றாவது மோதல். எங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை, இவர் கீழ் ஆடமாட்டோம் என்றார்கள் 2008 அணியினர். போர்டு புதுப் பையன்களைச் சேர்த்து 2009 லீக் ஆட்டங்களில் இறக்கியது. பிப்ரவரியில் கார்க் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். மார்ச்சில் மெக்கார்த்தி ராஜினாமா செய்தார். தனக்குக் கொலை மிரட்டல் வந்ததாகவும் சொன்னார்.

மெக்கார்த்தி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அதிகாரி அல்ல. 1966-ல் கார்க் அணியின் தலைவராக நின்று கோப்பையை வாங்கியவர். பிறகு 1970-லும், 1976-லிருந்து மூன்று வருஷம் தொடர்ந்தும் வென்ற அணிகளில் ஆடியவர். அதே சிவப்பு ஜெர்ஸி. அவரை எதிர்த்து நின்ற கோல்கீப்பர் டோனல் ஓக் க்யூஸாக்கும், 2005-ல் அணித்தலைவராக இருந்த ஷான் ஓக் ஓ ஹால்பீனும் சிறுவயதில் எந்த ஜெர்ஸியைக் கனவு கண்டார்களோ அதைப் போட்டு ஆடியவர். ஆகவே இதை முதலாளி-தொழிலாளி விவகாரமாகச் சுருக்கிவிட முடியாது. ஒரே காரியத்துக்குத் தங்கள் இளமையைக் கொடுத்த இரண்டு தலைமுறைகள் அதன் பேரிலேயே எதிரெதிராக நின்றன.

முன்னாள் ஆட்டக்காரனின் வாதம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்: நாங்கள் எதையும் கேட்கவில்லை. நனைந்த உடுப்போடு வீட்டுக்குப் போனோம், காயத்தை நாங்களே கட்டிக்கொண்டோம், ஜெர்ஸி கொடுத்தார்களே என்று நன்றியோடு இருந்தோம். இதில் பொய் இல்லை. ஆனால் இந்த உண்மையை வைத்து அடுத்தவனை வாய் மூடச் சொல்லும்போது அது வேறாகிவிடுகிறது. பகல் முழுதும் பற்றும் வரவும் எழுதுகிறவன் நான். எனக்கு இது தெளிவாகவே தெரிகிறது. கொடுத்ததைக் கொடுத்த அன்றே மறந்தால் அது தானம். இன்னொருவன் பேரில் பற்று எழுதி வைத்திருந்து முப்பது வருஷம் கழித்து வசூலிக்க வந்தால் அது கடன். அதிலும், கடனை வாங்கியவன் அவன் அல்ல.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஆட்டக்காரர்களின் கட்சி. நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் 2009-ல் அவர்கள் பேசியதும் அடிப்படையில் அதே வாதம்தான்: நாங்கள் இவ்வளவு கொடுத்திருக்கிறோம், ஆகவே எங்களை யார் நடத்துவது என்பதில் எங்கள் சொல்தான் நிற்கவேண்டும். 2002-ல் கேட்டது மரியாதை. 2009-ல் கேட்டதில் மரியாதையோடு உடைமையும் கலந்துவிட்டது. உழைப்பைக் கொடுத்ததால் இடம் எனக்குச் சொந்தம் என்கிற இந்த எண்ணத்தில் மெக்கார்த்தியும் அவரை எதிர்த்தவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இதைச் சொல்லும்போது அந்தப் புதுப் பையன்கள் நினைவுக்கு வருகிறார்கள். பழையவர்கள் விட்டுப்போன இடத்தில் இறங்கி ஆடினவர்கள். மெக்கார்த்தி போனதும் பழையவர்கள் திரும்பி வந்தார்கள். ஊர்வலம் இந்தப் பையன்களுக்காக நடந்ததல்ல. இவர்களைக் கருங்காலிகள் என்பதா?

எங்கள் சங்கம் ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்த ஒரு தினம், கிளைக்குள் நுழைந்த சக ஊழியர் ஒருவரை வாசலில் நின்று அந்தச் சொல்லால் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அன்றைய சம்பளம் பிடித்தார்கள். பிறகு கிடைத்த ஊதிய உயர்வு அவருக்கும்தான் கிடைத்தது. கணக்கு அதனால் நேராக இருந்தது, நான் சொன்ன சொல்லுக்கு ஆதாரமும் இருந்தது: நாங்கள் இழந்ததில் அவர் பங்கு கொள்ளவில்லை, பெற்றதில் பங்கு கொண்டார். அவர் ஓய்வு பெற்றுப் போகிறவரை என்னிடம் மரியாதையாகவே பேசினார் என்பது வேறு விஷயம். அது இன்றும் உறுத்துகிறது.

ஆனால் கூலியே இல்லாத இடத்தில் இந்தக் கணக்குச் செல்லுபடியாகாது. அங்கே வேலைநிறுத்தம் செய்கிறவன் இழப்பது ஒருநாள் சம்பளத்தை அல்ல. தான் நேசிக்கிற காரியத்தையே. ஹர்லிங் ஆட்டக்காரனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு பருவத்தை விட்டால் அது போனதுதான். என் வேலைநிறுத்தத்தைவிட அவனுடையது அந்த வகையில் சுத்தமானது. குரூரமானதும்கூட. சரி, உள்ளே இறங்கிய பையன் யாருடைய சோற்றை எடுத்துவிட்டான்? யாருடையதையும் அல்ல. தன் ஊர் ஜெர்ஸியை ஒருமுறையாவது போடவேண்டும் என்று ஆசைப்பட்டான்; வெளியே நின்றவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்த ஆசைதான் அது. ஆனால் அவர்கள் காலியாக விட்ட இடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை இவன் அழித்தான். அதையும் மறுக்க முடியாது.

வெற்றியை வைத்து நியாயத்தை முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் கால்வே ஆட்டக்காரர்கள் ஆன்டனி கன்னிங்ஹாம் மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். அவரும் 1987, 1988-ல் கால்வேக்காக வென்றவர்தான். அந்த நவம்பரில் அவர் விலகினார். 2017-ல் கால்வே கோப்பையை வென்றதும், பார், அவர்கள் செய்தது சரி என்றார்கள். அப்படியானால் 2005-க்குப் பிறகு 2025 முடிய ஐந்து இறுதியாட்டங்களில் தோற்று, ஒருமுறையும் வெல்லாத கார்க் தவறா? கோப்பை தார்மிகத்துக்குத் தராசு ஆகாது.

எனக்குப் படுவது இவ்வளவுதான். கூலியில்லாமல் வருகிறவனுக்கு வராமலிருக்கும் உரிமை பூரணமாக உண்டு. அதற்கு அவன் தன் காயங்களைக் காட்டவேண்டியதில்லை, தியாகப் பட்டியல் வாசிக்கவேண்டியதில்லை. ஆனால் தான் வராத இடத்துக்கு வேறு யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. முதலாவது சுதந்திரம், இரண்டாவது பாத்தியதை. ஸ்தாபனங்கள் முதலாவதை மறுக்கும்போது அவனுக்கு இரண்டாவதைக் கேட்கத் தோன்றுகிறது. அதனாலேயே பெரும்பழி ஸ்தாபனத்தின் மேல்தான் விழவேண்டும். பெரும்பழிதான், முழுப்பழி அல்ல.

பத்திரிகை நடத்தி, சன்மானமில்லாமல் எழுதி, பிறகு யார் யாரை நீக்கினார்கள் என்று சண்டை போட்டுக்கொள்ளும் நமக்கு இதில் பாடம் உண்டா என்று கேட்கலாம். நாம் பாடம் கற்கிறவர்கள் அல்ல என்பது நம் சரித்திரம். நானே ஒரு பத்திரிகைக்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டு, அது அப்புறமும் வெளிவந்ததை மன்னிக்காமல் இருந்திருக்கிறேன்.

2025-ல் கார்க் அணியின் மானேஜர் பொறுப்பு பென் ஓ'கானருக்கு வந்தது. 2004-ல் கோப்பையை வாங்கிய அணித்தலைவர். 2009-ல் மெக்கார்த்தியின் கீழ் ஆடமாட்டோம் என்று வெளியே நின்றவர்களில் ஒருவர். என்றாவது ஒரு மாலை, பயிற்சி முடிந்த பிறகு, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் வந்து, உங்களிடம் ஒன்று பேசவேண்டும் என்று ஆரம்பிப்பான். எங்கள் காலத்தில் என்று அவர் பதிலைத் தொடங்காமல் இருக்கவேண்டும்.