அடித்தலும் அழித்தலும்

இரவு பத்தரைக்கு ஒரு தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "நாய்க்குச் சோறு வைக்கிறவங்களாலதான் இந்தத் தொல்லையெல்லாம்." கால் மணி நேரத்தில் பதினோரு பதில்கள், வசவும் கேலிப் பொம்மைகளுமாக. மூன்றாவது வீட்டு அம்மாள் மட்டும் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, யாரிடம் சொன்னால் வந்து பிடிப்பார்கள் என்று நிதானமாக, நீளமாக எழுதியிருக்கிறார். விடிந்து பார்த்தால் முதல் வரி இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'. கீழே பதினோரு பதில்களும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்றே தெரியாமல் நிற்கின்றன.

சொன்னவருக்கு அழிக்கும் உரிமை உண்டா? அவர் சொல், அவர் கை. ஏன் கூடாது என்று கேட்கலாம். பதில் வரும்வரை அது சரி. வந்த பிறகு அந்தச் சொல்லின்மேல் இன்னொருவருடைய உழைப்பும் ஏறிவிடுகிறது. அழித்தவர் அவமானத்திலிருந்து தப்பிக்கிறார். அந்த அம்மாளோ சுவரைப் பார்த்துப் பாடம் நடத்தியவராகிவிடுகிறார். வசவுக்குப் பயந்து செய்த காரியத்தில் அடிபடுவது வைதவர்கள் இல்லை.

பத்திரம் எழுதுகிறவர்களிடம் இதற்கொரு பழக்கம் இருக்கிறது. சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டால் சுரண்டி எடுக்க மாட்டார்கள். அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 'அடித்தல் திருத்தல்' என்று கடைசியில் கணக்கும் காட்டுவார்கள். தப்பு வெளியே தெரிவதில் யாருக்கும் வெட்கமில்லை. சுரண்டிய இடம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களிலும் இதுதான் வழக்கம்: மறுமொழி வந்துவிட்ட கருத்தைத் தூக்காமல் கோடிட்டு அடிப்பது.

ஆனால் அத்தனை பேர் சீறும்போது கோடிட நிதானம் எங்கிருந்து வரும்? அந்தச் சீற்றம் என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் வரும். நிரலர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 புள்ளி போகும். கைக்காசு போகும் என்றால் யோசித்துத்தான் போடுவார்கள். தெருக் குழுவில் பெருவிரலைக் கவிழ்க்க ஒரு பைசா செலவில்லை. இலவசமாக வந்த பத்துக் கோபங்களைப் பத்துத் தீர்ப்புகளாக எண்ண வேண்டியதில்லை; அதற்காகப் பத்தும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, அங்கேதான் சிக்கல். நீளமாக எழுதியதை முதலில் படிப்பது நல்லது. வைய மட்டும் நினைப்பவர் அவ்வளவு நேரம் செலவழிப்பது அபூர்வம்.

மிரட்டல் வேறு. 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்காக எதிர்ப்பு திரண்டபோது, 2015 ஜனவரியில் அதை எழுதிய பெருமாள்முருகன் தன் நூல்களையெல்லாம் திரும்பப் பெறுவதாக ஃபேஸ்புக்கில் அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் அவர் பக்கம் நின்றது. இடைப்பட்ட மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நா எழாது. சொல்லுக்குப் பதில் சொல்லாமல் ஆளைத் துரத்துகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது.

தெருக்காரரை யாரும் துரத்தவில்லை. வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் என்றால் சொல்லின் இருபுறமும் ~ குறி போட்டுக் கோடிட்டுவிடலாம். நேரம் தாண்டிவிட்டாலும் கீழே எழுத இடமிருக்கிறது: "பையனை நேத்து நாய் துரத்திடுச்சு, அந்தக் கோபத்துல எழுதிட்டேன். ஊசி விஷயம் தெரியாதுங்க. நீங்க சொன்னவங்களுக்கே போன் பண்றேன்."