களிம்பும் முலாமும்

உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு அறிவினால் மட்டும் நீங்குமா, செயலும் வேண்டுமா? இந்தியத் தத்துவத்தில் இன்னும் தீராத வழக்கு இது. பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையின் முகப்பிலேயே சங்கரர், பந்தம் என்பது ஒன்றின்மேல் வேறொன்றை ஏற்றிக் காணும் பிழை என்று நிறுவுகிறார். கயிற்றில் தெரியும் பாம்பை யாரும் அடித்து விரட்ட வேண்டியதில்லை. விளக்கைக் கொண்டுவந்தால் போதும் என்பது அத்வைத மரபு காட்டும் நெறி. சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படுவதில்லை. அந்த அழுக்கு, அதாவது ஆணவம் என்னும் மலம், வெறும் பிழையன்று, உள்ள பொருள். செம்பில் களிம்புபோல் அது தொன்றுதொட்டே உயிரோடு உடன் நிற்கிறது என்பது அதன் துணிபு. உள்ள பொருளை நீக்கச் செயல் வேண்டும் என்பதால்தான் ஆகம வழி ஆசிரியர்கள் தீட்சைக்கு அத்தனை முதன்மை தந்தார்கள். இந்த வழக்கில் சித்தாந்தத்தின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். அதற்குப் பழைய களிம்பைவிடத் தெளிவான சான்று, எஃகு உருப்படிகளிலிருந்து நிக்கல் முலாமை நீக்கும் வேலையில் இருக்கிறது.

முலாம் பூசும்போது உருப்படி எதிர்மின்வாயாக இருக்கும். நீக்கும்போது அதையே நேர்மின்வாயாக்கி, செறிவான கந்தக அமிலத்தில் இறக்கி மின்சாரம் செலுத்துவார்கள். நிக்கல் கரைந்து அமிலத்தில் சேரும். அடியிலுள்ள எஃகு வெளிப்பட்டதும் அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி அமிலத்தைத் தடுக்க, மின்னோட்டம் சட்டென்று குறையும். வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம். இங்கே அறிவுக்கு நிறைய வேலை உண்டு. மேலே குரோமியம் பூசியிருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். மின்சாரமின்றிப் பூசிய, பாஸ்பரஸ் கலந்த நிக்கலுக்கு வேறு முறை வேண்டியிருக்கும். அமிலத்தில் தண்ணீர் கலந்து செறிவு குறைந்தால் எஃகே அரிபடும். இவற்றை அறியாமல் கைவைப்பவர் முலாமோடு பொருளையும் இழப்பார். ஆனால் இவ்வளவும் அறிந்தவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மைக்ரான் நிக்கல்கூடக் கரையாது. செயலை வழிநடத்துவது அறிவின் வேலை. செயலின் இடத்தில் அது தானே நின்றுவிட முடியாது. மனிதனிடமும் இதையே காண்கிறோம். நான், எனது என்னும் முனைப்பு பொய்யென்று நூல்களால் ஐயமறத் தெளிந்தவர்களிடமும் அந்த முனைப்பு தன் வலிமை குன்றாமல் நிற்கிறது. பிழை மட்டுமே என்றால் தெளிந்த கணத்தில் அது போயிருக்க வேண்டும்.

இதற்கு அத்வைதிகள் வலுவான மறுப்பு ஒன்றைச் சொல்வார்கள்: மலம் உள்ள பொருளாகவும் தொடக்கமற்றதாகவும் இருந்தால் அது ஒருபோதும் அழியாதே, பிறகு முத்தி ஏது? சித்தாந்தத்தின் விடை, ஆணவம் அழிய வேண்டியதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் அடங்கினால் போதும் என்பது. தப்பித்துக்கொள்ளச் சொன்ன விடைபோல இது தோன்றலாம். நிக்கலைக் கரைத்த அமிலத் தொட்டியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கரைந்த நிக்கல் அழிந்துபோகவில்லை, பச்சைநிற உப்பாக அங்கேயே இருக்கிறது. ஆயினும் எஃகை மறைக்க அதனால் இனி இயலாது. ஒரு பொருள் இருப்பதும் அது மறைப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. முலாம் இடையில் வந்தது, ஆணவமோ அனாதி என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் என் வாதம் அழுக்கு எப்போது வந்தது என்பதைப் பற்றியதன்று. உள்ளதை நீக்குவது எப்படி என்பதைப் பற்றியது.

சித்தாந்தமும் முடிவில் ஞானத்தைத்தானே முத்திக்கு நேர்வழி என்கிறது என்று கேட்கலாம். ஆம், ஆனால் சரியை, கிரியை, யோகம் என்னும் படிகளால் பக்குவப்பட்ட உயிரில், அருளின் செயலால் விளங்கும் ஞானம் அது. உலோகம் தானே தொட்டியில் இறங்குவதில்லை. உயிரும் தன் முயற்சியால் மட்டும் விடுபடுவதில்லை. அத்வைதமும் கேட்டல், சிந்தித்தல், ஆழ்ந்து நிற்றல் என்னும் பயிற்சியையும், அதற்கு முன்பே வைராக்கியம் முதலிய தகுதிகளையும் வேண்டுகிறது. விளக்கு ஒன்றே போதுமென்றால் இத்தனை ஆயத்தம் எதற்கு? அழுக்கு, காட்சிப் பிழையைவிடக் கெட்டியானது என்பதை இரு மரபுகளும் நடைமுறையில் ஒப்புக்கொள்கின்றன.

இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. கரைந்த நிக்கலை அப்படியே சாக்கடையில் விட்டால் நீர் நஞ்சாகும். காரம் சேர்த்து வீழ்படிவாக்கித் தனியே பிரிக்க வேண்டும். தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ள முனைபவரும், தாம் உதறிய சுமை குடும்பத்தின்மேலோ ஊரின்மேலோ விழுகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர். மலம் வெறும் மயக்கம் என்பவருக்கு இந்தக் கேள்வி எழ வழியில்லை. அது உள்ள பொருள் என்று ஏற்பவர் இதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பை நம்மீது சுமத்துவதாலேயே சித்தாந்தத்தின் நிலை எனக்கு மேலும் உண்மையாகப் படுகிறது.