விட்ட பிறகும் வேண்டும் துணை



மெய்கண்டாரின் சிவஞான போதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள். கடைசிச் சூத்திரம் யாருக்குத் தெரியுமா? மல அழுக்கைக் கழுவி ஞானம் பெற்றவருக்கு! அடியாரோடு கூடியிரு, கோயிலை வழிபடு என்று அவருக்கே சொல்கிறது. ‘ஞானம்தான் வந்தாச்சே, இனி எதுக்குக் கூட்டம்?’ என்று கேட்கத் தோணும். வாசனா மலம் என்பார்கள் பெரியவர்கள். பெருங்காயத்தை எடுத்துவிட்டுக் கழுவினாலும் பாத்திரத்தில் வாசனை நிற்கும். தனியாக விட்டால் பழையது மெல்லத் திரும்பும்.

குடியை, போதையை விட்டவருக்கும் இதே நிலைதான். சிகிச்சை முடிந்து வருகிறார். அதே தாமான், அதே கூட்டாளிகள், அதே ‘ஒரு கிளாஸ்தானே அண்ணே!’ உடம்பு கழுவியாச்சு, வாசனை போகவில்லை.

1975-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் இப்படிப்பட்ட 13 ஆண்கள் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தார்கள். பணம் போதாமல் உள்ளூர் அரசு அதை மூட முடிவெடுத்தது. பால் மொல்லோய் என்பவரும் மற்றவர்களும் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் முதல் ‘ஆக்ஸ்போர்டு ஹவுஸ்’. இன்று அந்நாட்டில் இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கு.

அங்கே வார்டன் கிடையாது. வாடகையைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். வாரம் ஒரு கூட்டம். பொறுப்பாளர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதியவர் சேர 80 விழுக்காடு ஆதரவு வேண்டும். எத்தனை காலமும் தங்கலாம். ஆனால் மறுபடி குடித்தால் உடனே வெளியேற வேண்டும்.

‘இது கருணையா?’ என்று கேட்கலாம். நம் சமயத்தில் அறக்கருணையும் உண்டு, மறக்கருணையும் உண்டு. ஒருவர் குடித்துவிட்டு உள்ளேயே இருந்தால், மற்ற எல்லாருடைய வாசனையும் கிளம்பிவிடும். அந்தக் கண்டிப்பே வீட்டுக்குக் காவல்.

நான் படிக்கும் பொறியியலில் ஒரு கணக்கு உண்டு. ஒல்லியான உயரமான தூண் பாரம் ஏறினால் வளைந்துவிடும். நடுவில் பக்கவாட்டாக ஒரு தாங்கல் கொடுங்கள். அதே தூண் வளையாமல் ஏறக்குறைய நான்கு மடங்கு பாரம் தாங்கும். தாங்கல் பெரிய பலசாலியாக இருக்கணும்னு இல்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும். அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் அப்படித்தான். யாரும் குருவில்லை, எல்லாரும் அதே வழியில் நடந்து வந்தவர்கள்.

இது மருத்துவத்துக்கு மாற்று இல்லை. மருத்துவத்துக்குப் பிறகு வர வேண்டியது. நம் கோயில் இளைஞர் பிரிவு நாளைக்கே வீடு எடுக்க முடியாமல் போகலாம். ஆனால் சம்சுவை விட்டுவிட்டு ஒருவர் கோயில் வாசலுக்கு வரும்போது, ‘பழைய குடிகாரன்’ என்று காதுக்குள் பேசாமல் இருக்க முடியும். உழவாரப் பணிப் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள். பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை வரவில்லையா? அன்றைக்கே போன் போடுங்கள்.

ஞானிக்கே அடியார் கூட்டம் தேவை என்றால், இப்போதுதான் எழுந்து நிற்கிறவரை எப்படித் தனியாக விடுவது?

திருச்சிற்றம்பலம்.